சின்ன வெங்காயம் போடாத பள்ளிபாளையம் சிக்கன்

சின்ன வெங்காயம் விற்கிறவன் ஒரு ஹோட்டலின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள உள்ளே போய்ச் சாப்பிட வேண்டியதில்லை. வாரத்துக்கு எத்தனை கிலோ வாங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும். மோகனூரிலிருந்து சேலத்து ஹோட்டல்களுக்குப் பல வருடமாக வெங்காயம் போடுகிறேன். அந்த ஹோட்டல்களிலேயே சாப்பாடு தேடி அலைய வேண்டி வந்தது இந்த வருடம்தான்.

சேலத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் சுகன்யாவுக்கு மூன்றாவது மாதம். மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை. வீட்டில் தாளிக்கிற வாசம் வந்தாலே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. இப்படியே எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவள் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று: கடையில் சுடச்சுடப் பள்ளிபாளையம் சிக்கன். விதை உதறிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், உப்பு. மசாலாப் பொடி கிடையவே கிடையாது. பள்ளிபாளையம் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் கார் ஏறினாலே அவளுக்கு வாந்தி. சேலத்தில் இல்லாததா என்று கிளம்பினேன். என்னைப் போல ஹோட்டலில் ஏமாந்து வயிறெரிந்தவர்களே, மேலே படியுங்கள்.

கலர்

முதலில் தனியாகப் போய் ருசி பார்ப்போம் என்று ஒரு ஏசி ஹோட்டலுக்குள் நுழைந்தேன். மெனு கார்டில் பள்ளிபாளையம் சிக்கன் முதல் வரியிலேயே இருந்தது. வந்தது செக்கச்செவேலென்று ஒரு குழம்பு. குடைமிளகாய், தக்காளி சாஸ், அரைத்து ஊற்றிய பெரிய வெங்காயம், போதாததற்கு மேலே கிரீம். கிரீமைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, "சின்ன வெங்காயம் இல்லாம இதுக்கு எப்படிங்க அந்தப் பேரு?" என்று கேட்டேன். மனிதர் சிரித்தார்.

"அண்ணா, அதை உரிக்கறதுக்கு யாருங்க வர்றாங்க? கஸ்டமரு கலரைப் பாத்துத்தான் சாப்புடறாங்க."

இரண்டு மூட்டை

அடுத்த தடவை உஷாராக இருந்தேன். என்னிடம் வாரம் தவறாமல் இரண்டு மூட்டை எடுக்கிற ஹோட்டல் ஒன்று உண்டு. அத்தனை வெங்காயம் வேறு எதற்குப் போகும்? இங்கேதான் இருக்கிறது என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சிக்கன் வந்தது. கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒரு சின்ன வெங்காயம் இல்லை.

அப்புறம்தான் மேஜை மேல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். வினிகரில் ஊறி, பீட்ரூட் சாயம் ஏறி, ரோஸ் கலரில் கிடந்தது என் வெங்காயம். நான் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளவாம். எங்கள் ஊர்ப் பெண்கள் வெயிலில் குனிந்து பிடுங்கிய வெங்காயம்! நான் முறைத்ததை ஆசை என்று நினைத்துக்கொண்டு சர்வர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அது ஃப்ரீதான் சார், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க."

குடிசை

மகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் 'கிராமத்து' ஹோட்டல் ஒன்று. பிளாஸ்டிக் கீற்று, வாசலில் வண்டிச் சக்கரம், லுங்கி கட்டிய சர்வர்கள். பொடி எதுவும் போடக்கூடாது என்று மாஸ்டரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். நம்பி மகளை அழைத்துப் போனேன். வந்த கறியில் கரம் மசாலா நெடி மூக்கைத் துளைத்தது. ஒரு வாய்தான் வைத்தாள். கை கழுவுகிற இடத்துக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவள் தோள்பட்டை எலும்பு கையில் தட்டுப்பட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். மகள் மட்டும் என் கையைப் பிடித்திருக்காவிட்டால் அந்த ஆளை அறைந்திருப்பேன். அவர் சொன்னது இது:

"மாசமா இருக்கறவங்களை எதுக்குங்க ஹோட்டலுக்குக் கூட்டியாறீங்க? மத்த கஸ்டமருங்க முகம் சுளிக்கறாங்கல்லங்க."

தகரக் கொட்டகை

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய ஹோட்டல். என்னிடம் வாரத்துக்கு இரண்டே கிலோதான் வாங்குவார்கள். அவ்வளவு பெரிய ஹோட்டலுக்கு அது எந்த மூலைக்கு என்று அந்த இடத்தை நான் மதித்ததே இல்லை. ஒரு நாள் பதினோரு மணிக்கு வெங்காயத்தை இறக்கப் போனால் சமையலறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலையாட்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாசம்! மாஸ்டர் குமாரபாளையத்துக்காரர், தறி ஓட்டிக்கொண்டிருந்து சமையலுக்கு வந்தவர். ஒரு துண்டு கொடுத்தார். அச்சு அசல் பள்ளிபாளையம் சிக்கன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இதை ஏனுங்க உள்ள குடுக்கறதில்லை?" என்று கத்தினேன். "மொதல்ல இதைத்தானுங்க குடுத்தோம். கலர் இல்லைன்னு கஸ்டமருங்க திருப்பி அனுப்பிட்டாங்க. முதலாளி மாத்தச் சொல்லிட்டாரு. மாத்துனதை எங்களால திங்க முடியலீங்க, அதான் எங்களுக்கு மட்டும் தனியா" என்றார் மாஸ்டர்.

"ஒரு தட்டு எடுத்து வையுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். தாளித்த புகை அடங்கிய பிறகு மகளைக் கூட்டி வந்து, என் வெங்காயக் கூடையையே கவிழ்த்து உட்கார வைத்தேன். சோற்றில் பிசைந்து தின்றாள். மறுசோறு கேட்டாள். அரை மணி நேரம் பயந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தி வரவில்லை. அந்தப் பக்கமாக வந்த முதலாளி அவளைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த வேக்காட்டுல உக்காந்து எதுக்கு இதைத் தின்னுட்டு? உள்ள ஏசியில நல்ல கறி இருக்குதுங்களே!"

சேலத்தில் நல்ல பள்ளிபாளையம் சிக்கன் தாராளமாகக் கிடைக்கிறது, காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு மட்டும் கிடைக்காது.