பலாமரத்தில் தொங்கும் போன்

எங்கள் வீட்டுப் போன் பலாமரத்தில்தான் தொங்கும். எங்கள் மலையில் ஒவ்வொரு பகுதியையும் நாடு என்போம்; குண்டனி நாட்டில் எங்கள் ஊர் இருக்கிற சரிவில் டவர் எடுக்காது. வாசலின் மேல்மூலையில் நிற்கும் அந்த மரத்தடியில் மட்டும், அதுவும் ஓர் ஆள் உயரத்தில், இரண்டு கோடு கிடைக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் என் அண்ணன். பட்டன் போனைப் பால் கவரில் போட்டு, வாயைச் சணலால் கட்டிக் கிளையில் மாட்டினான். மேகம் இறங்கி மரத்தை மறைத்திருக்கும் நாட்களில் மணி அடித்தால், ஒன்றுமில்லாத வெள்ளைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும்.

சிம் கார்டு அவன் பேரில் வாங்கியது. போர்வெல் வண்டியில் வேலைக்குப் போவதற்கு முன்னால் மலையிறங்கி ராசிபுரம் போய் வாங்கிவந்து, பச்சைப் பட்டனை எப்படி அழுத்துவது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தான். எங்கள் மலைப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படிப் போகிறவர்கள்தான். அடிவாரத்து முதலாளிகளின் ரிக் வண்டியில் ஏறினால் மாதக்கணக்கில் வடக்கே கிணறு போட்டுக்கொண்டு திரிவார்கள். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியையும் முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் முதுகு நிமிரும். அந்தப் படிப்பு அண்ணன் குடித்த புழுதியில் நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த நம்பரைப் பட்டன்களின் வரிசையாக விரலில் வைத்திருந்தான். யாருடைய போனைக் கையில் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். வேறு எந்த நம்பரும் அவனுக்கு மனப்பாடம் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் வடக்கே ஏதோ ஒரு சாலையில், வண்டியை ஓரங்கட்டிய இடத்தில், டீ குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை என்று முதலாளி சொன்னார். தேடினோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவன் வைத்திருந்த போன் அன்றையிலிருந்து அணைந்தே கிடக்கிறது. அதன் பிறகு எங்களுக்கும் அவனுக்கும் நடுவே மிச்சம் இருப்பது பலாமரத்தில் தொங்கும் இந்த நம்பர் மட்டும்தான். அம்மா வீட்டுக்கு உப்பு வாங்க மறந்தாலும் மறப்பாள். இதற்கு ரீசார்ஜ் போட மறந்ததில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் மேகத்துக்குள்ளிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்க மாட்டார்கள். இரண்டு தடவை விட்டுவிடுவார்கள். மனிதர் அல்லாதது இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பது நம்பிக்கை. மூன்றாம் தடவையும் குரல் வந்தால்தான், இங்கிருந்து “எந்த நாடு? எந்த ஊடு?” என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் பைல் நாடு, இன்னார் ஊடு என்று சொன்ன பிறகுதான் கதவு திறக்கும்.

அம்மா போனையும் அப்படியே நடத்தினாள். இரண்டு தடவை அடித்து ஓயவிடுவாள். மூன்றாம் தடவைதான் எடுப்பாள்.

“மகாராணி போன் எடுக்கறதுக்கு மூணு தடவை மேளம் கொட்டோணும்” என்பான் அண்ணன்.

“பேயா இருந்தா ரெண்டோட போயிரும் சாமி. நீ பேய் இல்லீன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

அதனால் அவன் எப்போதும் மூச்சுவிடாமல் மூன்று தடவை தொடர்ந்து அடிப்பான். மற்றவர்கள் ஒரு தடவை அடித்துவிட்டுப் பொழுது சாயக் கூப்பிடுவார்கள். அவன் காணாமல் போன பிறகு நான்கூட வெளியிலிருந்து அப்படி மூன்று தடவை அடித்ததில்லை. அம்மா ஓடிவந்து எடுத்து, என் குரலைக் கேட்டு ஏமாறுவதை என்னால் தாங்க முடியாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுச் சித்திக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்புவேன்.

இன்னொன்று, அவன் கத்துவான். போர்வெல் வண்டியின் கம்ப்ரசர் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகி, மெதுவாகப் பேசுவது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. விடுப்பில் வந்து சோறு தின்னும்போது உப்புக் கேட்டால் கீழ்ச்சரிவில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். “நீ திங்கறது நாடு முழுக்கக் கேக்கோணுமா?” என்று அம்மா திட்டுவாள். போனில் அவன் பேசினால் அம்மா காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நான் செம்மேட்டில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, பென்ஷன், பட்டா என்று மலை முழுக்க அங்கேதான் வரும். போனில் பேசிப் பேசியே பலரை மொட்டையடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், பெரிய தாளில் நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். ‘யார் கூப்பிட்டாலும், எந்த ஆபீஸ் என்று சொன்னாலும், உங்கள் விவரம் கேட்டால் சொல்லாதீர்கள். போனை வையுங்கள். நேரில் போய்க் கேளுங்கள்.’ வருகிறவர்களுக்கு அதை வாசித்தும் காட்டுவேன்.

“ஏனுங்க டீச்சரம்மா, எம் பொண்டாட்டி போன் போட்டு எங்க இருக்கேன்னு கேட்டாலும் சொல்லக் கூடாதுங்களா?” என்பார் ஒரு மிளகு வியாபாரி, வரும்போதெல்லாம்.

“உங்களுக்கு அதுதாங்க ரொம்ப முக்கியம். நேர்லயே போய்ச் சொல்லிருங்க” என்பேன். மையமே சிரிக்கும்.

அது மிளகுக் காலம். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். வெயில் வருவதும் மேகம் மூடுவதுமாக இருந்தது. அம்மா பாயில் கொத்தைப் போட்டுக் காலால் மிதித்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் சக்கையைப் பொறுக்கினேன்.

போன் அடித்து ஓய்ந்தது. நாங்கள் திரும்பவில்லை.

உடனே மறுபடி அடித்தது. அம்மாவின் கால் நின்றது. அதுவும் ஓய்ந்தது. சக்கையைப் பிடித்த கையோடு நானும் மரத்தையே பார்த்தேன். மூன்றாவது மணி கேட்டதும் அம்மா மிளகு சிதற ஓடினாள்.

“அவந்தான் கண்ணு! அவந்தான்!”

கவரைக் கிழித்து எடுத்தாள். “சாமி” என்றாள். நானும் ஓடிப்போய் ஸ்பீக்கரைப் போட்டேன்.

ஆதாரில் இருப்பதுபோல இனிஷியலோடு சேர்த்து அண்ணன் பெயரைச் சொன்னது ஓர் ஆண் குரல். வீட்டில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த முழுப்பெயரை ஒரு வெளியாள் வாயிலிருந்து கேட்டதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஆமாங்க, அவன் ஊடு இதுதானுங்க. அவன் எங்கீங்க இருக்கான்?”

“சிம் கம்பெனியிலிருந்து பேசறோம்மா. அவர் பேர்ல இருக்கிற இந்த நம்பருக்கு வெரிபிகேஷன் முடியல. இன்னைக்குச் சாயங்காலம் கட் ஆயிடும். அவர்கிட்ட போனைக் கொடுங்க.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட் ஆயிடும் என்ற சொல் அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

நான் போனை வாங்கினேன். “நீங்க யாருங்க? உங்க பேர், ஆபீஸ் எங்க இருக்குன்னு சொல்லுங்க.”

தயங்காமல் சொன்னான். பேர், ஊழியர் எண், மேலாளர் பேர் எல்லாம். பிறகு, “நீங்க கேட்கிறது நியாயம்தான் மேடம். நாங்களும் கேட்கணுமே. நீங்க யாரு?”

“தங்கச்சி.”

“அப்போ சரிபார்த்துக்குங்க” என்று அண்ணனின் பிறந்த தேதியைச் சொன்னான். எங்கள் ஊர், அஞ்சல், அப்பா பேர் எல்லாம் சொன்னான். அவனுக்கு அண்ணனைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. அண்ணன் இங்கே இல்லை என்பது மட்டும்தான் தெரியவில்லை.

“இப்போ ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கிற ஆறு நம்பரை மட்டும் படிச்சுச் சொல்லுங்க. முடிஞ்சுது.”

கையிலேயே போன் அதிர்ந்தது. திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. இந்த எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றுவதற்கான ரகசிய எண், யாரிடமும் பகிர வேண்டாம் என்று இருந்தது. ஒரு நாள் என் அண்ணன் எங்கோ ஒரு சாலையோரத்தில் யாரிடமோ போன் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பட்டன்களை அழுத்துவான். அந்தப் பக்கம் எடுத்து ஹலோ சொல்வது இந்தக் குரலாக இருக்கும்.

“சொல்ல முடியாதுங்க. நாங்க நேர்ல கடைக்கு வாரோம்” என்றேன்.

அவன் கோபப்படவில்லை. அண்ணன் எங்கே இருக்கிறான் என்று முதலில் அம்மா கேட்டதை அவன் மறக்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

“அம்மாகிட்ட கொடுங்க” என்றான். “அம்மா, உங்க பையனே போன வாரம் எங்க ஆபீசுக்குப் போன் பண்ணினாரும்மா. நம்பரைக் கட் பண்ணிடாதீங்க, எங்க அம்மா காத்திருப்பாங்கன்னு சொன்னாரு.”

அம்மா போனை என்னிடமிருந்து பிடுங்கினாள். “எம்பையன் பேசுனானுங்களா? எந்த ஊர்லிருந்துங்க? சோறு தண்ணி திங்கறானுங்களா?”

“எல்லா விவரமும் இங்கே பதிவாயிருக்கும்மா. அந்த ஆறு நம்பரைச் சொன்னா ஓப்பன் ஆகும். பார்த்துச் சொல்றேன்.”

அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் அந்த எண்கள் நின்றன. அவளுக்கு அவை வெறும் கீறல்கள். அந்த மலைச்சரிவில் அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

“படிச்சுச் சொல்லு கண்ணு.”

“இவன் திருடன்மா.”

“இருக்கட்டும். என்ன வேணாலும் எடுத்துக்கட்டும். நீ படி.”

“எடுக்கப் போறதே இந்த நம்பரைத்தாம்மா. அண்ணன் கூப்பிட்டா அப்புறம் இவன்தான் எடுப்பான்.”

“உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?” என்றாள். அவள் என்னிடம் அப்படி ஒருபோதும் பேசியதில்லை. அப்போதும் நான் அந்த எண்களைப் படிக்கவில்லை.

அவள் போனைத் தன் வாயருகே கொண்டுபோனாள். “ஏனுங்க, எம்பையன் பேசும்போது எப்படிப் பேசுனான்?”

“ரொம்ப மரியாதையாப் பேசினாரும்மா. தங்கமான பையன். மெதுவா, பொறுமையா...”

“மெதுவாவா?”

“ஆமாம்மா. மெதுவாத்தான் பேசினாரு.”

அம்மா போனை வாயருகிலிருந்து எடுத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அண்ணன் பேசும்போது பிடிப்பாளே, அப்படி. அந்தச் சின்னக் குரல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சிவப்புப் பட்டனை அவளேதான் அழுத்தினாள்.

மறுநாள் வேலைக்குச் சொல்லிவிட்டு, முள்ளுக்குறிச்சி வழியாகப் போகும் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராசிபுரம் போனேன். கம்பெனிக் கடையில் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். கம்பெனித் தரப்பிலிருந்து யாரும் கூப்பிடவில்லை, வெரிபிகேஷன் எதுவும் பாக்கி இல்லை, ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தால் கட் ஆகாது என்றாள். பிறகு அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள், “ஓனர் வரலீங்களா?”

அம்மா மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் புரிந்துகொண்டதாக நினைத்துக் குரலைத் தாழ்த்தினாள். “டெத் சர்ட்டிபிகேட் இருந்தா அம்மா பேருக்கு மாத்திக்கலாங்க. இந்தத் தொல்லையே இருக்காது.”

“அவன் பேர்லயே இருக்கட்டுங்க” என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பும்போது வளைவுகளில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அம்மா சன்னலோரம். வெகுநேரம் கழித்து, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“ஏங்கண்ணு, அந்த வண்டிச் சத்தத்தை உட்டுப் போயி இத்தனை நாளாச்சே. இப்ப அவன் மெதுவாப் பேசப் பழகியிருந்தா?”

மையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் இதற்குப் பதில் இல்லை. நான் செய்தது சரி. இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்தக் கேள்வி அன்று பஸ்ஸிலிருந்து எங்களோடு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது. மிளகு உதிர்க்கும்போது வருகிறது. மையத்தில் யாருக்காவது அந்தத் தாளை வாசித்துக் காட்டும்போது நடுவில் வருகிறது. கம்ப்ரசர் இல்லாத இடத்தில், உடம்புக்கு முடியாமல், யாரோ ஒருவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசும் ஓர் ஆளை நான் பார்க்கிறேன். முகம் தெரிவதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் மேகம் வாசல்வரை இறங்கியிருந்தது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. மூன்றாவதும் வந்தது. அம்மா இந்தத் தடவை ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல நடந்துபோய் எடுத்தாள். ஹலோ சொல்லாமல் காத்திருந்தாள். அந்தப் பக்கமும் பேச்சில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். தூரத்தில் ஏதோ இரைவதுபோல இருந்தது. லாரியாக இருக்கலாம், வெறும் டவர் இரைச்சலாகவும் இருக்கலாம்.

“எந்த நாடு? எந்த ஊடு?” என்றாள் அம்மா.

பதில் இல்லை. லைனும் அறுபடவில்லை. போனை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று என் கை எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது.

அம்மா போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை அவ்வளவு நெருக்கமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

“மெதுவாப் பேசுனாலும் கேக்குது சாமி” என்றாள்.