அவள் உயரத்துக்கு வைத்த சீட்டு

வெல்டர் காருக்குள் மண்டி போட்டு, தான் வைத்த வெல்டைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் கதவைத் திறந்தே வைத்திருந்தார். வாயால் சொல்ல வரவில்லை.

கார் அவர் மனைவியுடையது. குள்ளமான உடம்பு, கிளட்சுக்குக் கால் எட்டாது. கல்யாணமான புதிதில் நாலு இரும்புக் கால் செய்து, டிரைவர் சீட்டை உயர்த்தி, முன்னுக்குத் தள்ளி வெல்டு வைத்துக் கொடுத்தார். தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதையே அவள் தொழிலாக வைத்துக்கொண்டாள். லைசென்ஸ் இருந்தும் அவர் அந்தக் காரை ஓட்டியதில்லை; உட்கார்ந்தால் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும். ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்து சீட்டு கொடுத்ததே பெரிசு என்பாள்.

இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. ஆப்பரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த டாக்டர், இனிப் பார்வை திரும்பாது என்று அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவள் கேட்டபோது, பார்வை வரக் கொஞ்ச நாள் ஆகுமாம் என்று வெல்டர் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தும் தனியாகச் சாப்பிடுவது போலத்தான் இருந்தது.

சீட்டின் இரும்புக் கால்கள் லேசில் வரவில்லை. பிரேக் போட்டால் சீட்டோடு பறந்துவிடக் கூடாதே என்று அப்போது வெல்டை வாரி இறைத்திருந்தார். ஆழமாக அறுத்தால் துருப்பிடித்த தரைத் தகடு கிழிந்துவிடும். மேலாக அறுத்து, மிச்சத்தை உளியால் தட்டித் தட்டி எடுத்தார். கடைசிக் கால் வந்தபோது முதுகு விண்விண் என்று தெறித்தது. நாலையும் அள்ளி வந்து சமையலறை மேஜையில் வைத்தார்.

அவள் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"நத்தை ஊர்ந்த தடம். உங்க வெல்டுதான்."

அவர் சிரித்துவைத்தார். இனி ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டி தேட வேண்டாம், தானே ஓட்டிக்கொண்டு போவதாக ஒரு வழியாகச் சொல்லி முடித்தார். அவள் தலையாட்டினாள். விரலில் ஒட்டிய இரும்புத் தூளைத் துணியில் துடைத்தாள்.

"கண்ணு தெரிஞ்சதும் திரும்ப வெச்சுத் தருவீங்கல்ல?"

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். அழுக்குப் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். அவள் தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக் காத்திருந்தாள். பிறகு நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளறைக்குப் போனாள்.