கருப்பியின் காலில் சிவப்புத் துணி

கோழிக்குஞ்சு என்றால் சாது என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து அதுகளை வேடிக்கை பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். கம்பெனி விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பார்த்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்துப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நானும் என் கணவரும் சாத்தூர்ப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். எனக்குச் செக்கிங், அவருக்கு அயர்னிங். ஓனர் அம்மா அதே காம்பவுண்டில் முன்வீட்டில் இருந்தார். அவருடைய கோழி குஞ்சு பொரித்ததும் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு முடியறதில்லீங்க அம்மிணி. வாரத்துக்கு வளத்திக் குடுங்க" என்றார்.

வாரம் என்றால் தீனி போட்டு வளர்ப்பது நான். வளர்ந்ததும் குஞ்சுகளில் பாதி எனக்கு. பிரிக்கும்போது தாய்க்கோழிக்குச் சொந்தக்காரர் முதலில் ஒன்றை எடுப்பார், அடுத்து நான், மறுபடி அவர். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கருப்பி. கால், அலகு எல்லாம் கருப்பாக ஒரு பெட்டைக்குஞ்சு. சரியான நோஞ்சான். மற்றது எது போனாலும் போகட்டும், அது மட்டும் எனக்கு வேண்டும். நோஞ்சானை யார் முதலில் எடுக்கப்போகிறார்கள் என்று நிம்மதியாகவே இருந்தேன்.

தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட்டதும் ஆரம்பித்தது அமர்க்களம். கம்பைத் தூவினால் முதலில் வாய் வைப்பது புள்ளிப் பெட்டை. அது ஒரு ரவுடி. கிட்டே வருவதன் தலையில் ஒரே கொத்து! வாங்கியது திருப்பிக் கொத்தாது. தனக்கு இளைத்ததாகப் பார்த்துத் தேடிப்போய்க் கொத்தும். அது இன்னொன்றை. எங்கள் கம்பெனியில் மேனேஜர் சூப்பர்வைசரைத் திட்ட, சூப்பர்வைசர் எங்களைத் திட்டுவாரே, அதேதான். எல்லாக் கொத்தும் கடைசியில் கருப்பியின் தலையில் வந்து விழும். அதற்குக் கீழே கொத்துவதற்கு ஆளே இல்லை. சேவல் குஞ்சுகள் தனியாக ஒரு பக்கம் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நிற்கும். எதைப் பார்ப்பது, எதை விடுவது? அடுப்பில் சோறு குழைந்துபோகும்.

பக்கத்து வீட்டிலும் ஒரு கருங்குஞ்சு இருந்தது. மாறிப்போய்விடக் கூடாதே என்று எனக்குப் பயம். அடையாளத்துக்கு நகத்தை நறுக்கிவிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. பனியன் கம்பெனிக்காரிக்குத் துணிக்கா பஞ்சம்? கட்டிங் வேஸ்டில் பளிச்சென்று ஒரு சிவப்புத் துண்டு கிடைத்தது. பனியன் கழுத்துக்கு வைத்துத் தைக்கிற ரிப் துணி, இழுத்தால் நீளும், காலை இறுக்காது. கொலுசு மாதிரி கட்டி அழகு பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் கருப்பியைச் சுற்றி ஒரே கும்பல். சிவப்பைக் கொத்திக் கொத்தியே காலைப் புண்ணாக்கியிருந்தன. நிஜமாகவே ரத்தம் வந்துவிட, அதைப் பார்த்து இன்னும் வெறி. பாய்ந்துபோய்த் தூக்கினேன். சத்தம் கேட்டு ஓனர் அம்மா ஓடிவந்தார்.

"ஏனுங்க அம்மிணி, கோழிக்குப் போய் செவப்புக் கட்டுவாங்களா? புண்ணுன்னு நெனச்சுக் கொத்துமுங்க!"

"எனக்கென்னக்கா தெரியும்? கலரு நல்லாருக்கேன்னு கட்டுனேன்!" என்று அழுகையும் கோபமுமாகக் கத்தினேன்.

மஞ்சளைக் குழைத்துப் பூசி, கருப்பியைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்தேன். மூங்கில் கூடைக்குள் போட்டியும் இல்லை, கொத்தும் இல்லை. ஊறவைத்த அரிசி, முருங்கைக்கீரை, கரையான் என்று அத்தனையும் அதற்கு மட்டும். புண் ஆறியது. தின்று தின்று உடம்பும் தேறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். கூடப் பிறந்ததுகளுக்கு அதை அடையாளமே தெரியவில்லை! யாரோ வேற்றாள் வந்த மாதிரி எல்லாம் கழுத்தை நீட்டின. புள்ளிப் பெட்டை நேராக வந்து வழக்கம்போல ஒரு கொத்து வைத்தது. கருப்பி நகரவில்லை. கழுத்து மயிர் சிலிர்க்க, தலையைத் தாழ்த்தி முறைத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எகிறின. காலும் இறக்கையும் புழுதியுமாக ஒன்றும் புரியவில்லை. விழுந்தன, எழுந்தன, மறுபடி எகிறின. புள்ளிப் பெட்டையின் கொண்டையைக் கவ்விக்கொண்டு கருப்பி விடவே இல்லை. பிய்த்துக்கொண்டு ஓடியது ரவுடி!

கருப்பி சாவகாசமாகக் கம்பைப் பொறுக்கப் போனது. மற்றவையெல்லாம் ஒதுங்கி வழி விட்டன.

"அடிச்சுட்டா! எங்க கருப்பி அடிச்சுட்டா! யக்கா, ஓடி வாங்க, வந்து பாருங்க!" என்று கைதட்டிக் குதித்தேன். காம்பவுண்டே வாசலுக்கு வந்துவிட்டது. ஓனர் அம்மாவும் வந்தார். இடுப்பில் கை வைத்து, கருப்பி தின்பதையும் மற்றவை ஒதுங்கி நிற்பதையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத் தேறிருச்சுங்க அம்மிணி. கையோட இன்னிக்கே பிரிச்சுக்கலாங்களா?" என்றார். பிறகு விரலை நீட்டினார். "எனக்கு அந்தக் கருப்புங்க."

குரலில் அத்தனை மரியாதை. முதலில் எடுப்பது அவர் உரிமை. அடுத்தது என் முறை. சுவரோரம் ஒண்டி நின்ற புள்ளிப் பெட்டையைக் காட்டினேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கருப்பி எனக்குத்தான் என்று என் கணவர் இன்றைக்கும் கேலி செய்கிறார். இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சண்டையைப் பார்த்த பிறகு எவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?