மீட்டரடியில் மீனாம்பிகை

யாழ்ப்பாணத்து அரியாலையின் உள் ஒழுங்கைகளுக்கு மின்கம்பங்கள் வரத் தொடங்கிய காலத்தில்தான் மீனாம்பிகை அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். பிறந்த ஊர் மயிலிட்டி. தகப்பனும் தமையன்மாரும் கடற்றொழில் செய்தவர்கள். மாப்பிள்ளை ஆழ்வாப்பிள்ளை வீடுகளுக்கு மின்சார வயறிங் செய்பவர். கடலுக்குப் போகாத ஒருவரைக் கட்டியதே அவளுக்குப் பெரிய நிம்மதி. தாயைப் போல, காற்று மாறும்போதெல்லாம் வாசல் படலையடியில் போய் நிற்கத் தேவையில்லை என்று நினைத்தாள்.

அவள் எதிர்பாராதது றிச்சர்ட்டை.

றிச்சர்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஆழ்வாப்பிள்ளையைவிடச் சில வயது இளையவர். இருவரும் ஒரே இடத்தில் தொழில் பழகி, ஒன்றாகவே வேலைக்குப் போய்வந்தார்கள். காலையில் றிச்சர்ட்டின் சைக்கிள் மணி கேட்டால் ஆழ்வாப்பிள்ளை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். மாலையில் வந்து சொல்லும் கதையெல்லாம் றிச்சர்ட் சொன்னதும் றிச்சர்ட் சிரித்ததும்தான். முதலில் மீனாம்பிகைக்கு அலுப்பாக இருந்தது. போகப்போக அந்த மணிச்சத்தமே பிடிக்காமல் போயிற்று.

ஒருநாள் கொழும்புத்துறையில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனாள். ஆழ்வாப்பிள்ளை அறைக்குள் ஏணியில் நின்றார். றிச்சர்ட் விறாந்தையில் மீட்டருக்குக் கீழே நின்றார்.

“கழட்டியாச்சோ?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஓம் அண்ணை. கையிலை கிடக்கு.”

அவ்வளவுதான். ஆழ்வாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல் செம்புக் கம்பியை வெறுங்கையால் பிடித்து முறுக்கத் தொடங்கினார். அவர் இறங்கும்வரை றிச்சர்ட், கறண்ட் வராமலிருக்க மீட்டரடியில் கழற்றிய வெள்ளைப் பீங்கான் பியூஸைக் கையில் பொத்திக்கொண்டு அதே இடத்தில் நின்றார். வீட்டுக்காரர் கொடுத்த தேத்தண்ணியைக்கூட வாங்கவில்லை.

மீனாம்பிகை சாப்பாட்டுப் பெட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்டாயிற்று என்று அவள் சொன்னால், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் கறியைத் தொடாத மனிதர் இவர். கதவைச் சாத்திவிட்டேன் என்றால் எழும்பிப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். அதே மனிதர் இன்னொருவருடைய ஒரு வார்த்தையைக் கேட்டுக் கம்பியில் கை வைக்கிறார்.

பின்னேரம் அதைப்பற்றி அவரிடம் கேட்டாள். அவர் ஒன்றும் யோசிக்காமல் சொன்னார்: “அவன்ரை கையிலை என்ரை உசிர் கிடக்கு. நம்பாமல் என்ன செய்யிறது?”

மீன்முள்ளு மாதிரி அந்தச் சொல் அவளுக்குள் குத்தி நின்றது. அதற்குப் பிறகு றிச்சர்ட்டின் தேத்தண்ணியில் சீனி குறைந்தது. அவர் சாப்பிட இருந்தால் சாப்பாட்டுக் கோப்பைக்கு மீனின் வால்துண்டுதான் வரும். அவர் நல்ல கறி என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

அடுத்த வருசம் தமக்கை அருந்ததியின் மகன் செல்வரட்ணம் படிப்பை விட்டுவிட்டுச் சும்மா நின்றான். மீனாம்பிகை அவனைக் கூப்பிட்டுத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். சொந்தத்துக்குள் ஒரு பிள்ளை நிற்கும்போது வெளியாள் எதற்கு என்று கணவனிடம் ஓயாமல் சொன்னாள். பெடியன் பழகட்டும், றிச்சர்ட்டும் நிற்கட்டும் என்றார் அவர். ஒரு காலை அவர் கிணற்றடியில் நின்ற நேரம் றிச்சர்ட் வந்தார். மீனாம்பிகை படலையடிக்கே போய், இனிச் செல்வரட்ணம் போவான், நீங்கள் கஷ்டப்பட்டு வரத் தேவையில்லை என்று சொன்னாள். றிச்சர்ட் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். காங்கேசன்துறைப் பக்கம் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது என்று பிறகு ஆழ்வாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினார். அவள் சொன்னதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

செல்வரட்ணம் சுறுசுறுப்பானவன். பியூஸைக் கழற்று என்றால் ஓடிப்போய்க் கழற்றுவான். கழற்றியதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆழ்வாப்பிள்ளையும் றிச்சர்ட்டும் அதைத் தங்களுக்குள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அதனால் அது சொல்லிக்கொடுக்க வேண்டிய விசயம் என்றே ஆழ்வாப்பிள்ளைக்குத் தோன்றவில்லை.

ஒரு வீட்டில் புது அறைக்கு லைன் இழுத்தார்கள். இன்றைக்கு நான் ஏறுகிறேன் என்று செல்வரட்ணம் கெஞ்சினான். பியூஸைக் கழற்றி, மீட்டர்ப் பலகைக்கு மேலே வைத்துவிட்டு ஏணியில் ஏறினான். ஆழ்வாப்பிள்ளை கீழே குந்தியிருந்து வயர் வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒருவர் மத்தியானச் செய்தி கேட்க றேடியோவைத் திருப்பினார். அது பாடவில்லை. விறாந்தையில் பார்த்தபோது பியூஸ் கழன்று பலகையில் கிடந்தது. எடுத்து அதன் இடத்தில் செருகினார்.

பெடியனிடமிருந்து சத்தமே வரவில்லை. அவன் கையிலிருந்த குறடு நிலத்தில் விழுந்த பிறகுதான் ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். கம்பியோடு ஒட்டிய கை விடுபடாமல் அவன் உடம்பு விறைத்து நின்றது. அவர் அவனைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த காய்ந்த பலகையால் அந்தக் கையில் ஓங்கி அடித்தார். அவன் கீழே அடுக்கியிருந்த தென்னோலைக் கிடுகுக் கட்டுகளுக்கு மேல் விழுந்தான்.

உயிர் தப்பினான். வலக்கையில் இரண்டு விரல்கள் பிறகு நிமிரவேயில்லை.

ஆஸ்பத்திரியில் அருந்ததி தங்கையின் முகத்தைப் பார்த்து, “நீ கேட்டாய் எண்டுதானே விட்டனான்” என்று மட்டும் சொன்னாள். பிழை பெடியனுடையது அல்ல, தான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று ஆழ்வாப்பிள்ளை எல்லோரிடமும் சொன்னார். கடைசியில், றிச்சர்ட் நின்றிருந்தால் இது நடந்திருக்காது என்றார். மீனாம்பிகை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெயரைக் கேட்டதும், பிள்ளை அப்படிக் கிடக்கும்போதே, அவள் நெஞ்சில் பழைய நெருப்பு எழும்பியது. இந்த இடத்திலுமா என்று தன்னையே வெறுத்தாள். ஆனாலும் அது அணையவில்லை.

பெடியனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், றிச்சர்ட்டைத் திரும்பக் கூப்பிடப்போவதாக ஆழ்வாப்பிள்ளை சொன்னார்.

“வேண்டாம். நான் வாறன்” என்றாள் மீனாம்பிகை.

“எங்கை?”

“உங்களோடை, வேலைக்கு. பியூஸை நான் வைச்சிருக்கிறன்.”

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அப்படித்தான் அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். மீட்டருக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு இருப்பாள். கழற்றிய பியூஸ்களைச் சேலைத் தலைப்பில் முடிந்து மடியில் வைத்துக்கொள்வாள். புருசனை விட்டு இருக்க முடியாதவள் என்று ஊர் சிரித்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. வீட்டுக்காரர்கள் விசிறிக்கும் றேடியோவுக்கும் கறண்ட் கேட்டுக் கோபித்தாலும் அவள் அசையவில்லை. ஏணியில் நிற்பவர் இறங்கி வந்து, தன் வாயால் போடச் சொன்னால்தான் முடிச்சு அவிழும்.

அவளுக்கு நோவாக இருந்தது வேறொன்று. முதல் சில கிழமைகள் ஆழ்வாப்பிள்ளை, கழட்டியாச்சோ என்று கேட்டு அவள் பதில் சொன்ன பிறகும் ஏணியால் இறங்கி, விறாந்தைக்கு வந்து, அவள் மடியைப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொட்டார். றிச்சர்ட்டிடம் இப்படி ஒருநாளும் வந்து பார்த்ததில்லையே என்று மனம் குமுறும். சொல்லமாட்டாள். ஒருநாள் அவர் கேட்டார், அவள் பதில் சொன்னாள், காலடிச் சத்தம் வரவில்லை. உள்ளே குறடு வேலை செய்யும் சத்தம்தான் கேட்டது. அன்று வீடு திரும்பும்வரை அவள் ஒரு சொல் கதைக்கவில்லை. கதைத்தால் சந்தோசம் வெளியே தெரிந்துவிடும் என்று பயம்.

எழுபதுகளில் வேலை கூடியது. இளம் பெடியன்கள் பழக வந்தார்கள். செல்வரட்ணம் அப்போது பல்பும் வயரும் விற்கும் கடை ஒன்று வைத்திருந்தான். வேலை பழக ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குத் தன் விரல்களைக் காட்டி, முதலில் தன் சின்னம்மா மீனாம்பிகையிடம் போகச் சொல்லி அனுப்புவான். அப்படி வந்தவன்தான் கொழும்புத்துறைச் சந்தியோகு. வேலையில் நல்ல கைவாக்கு. உவனைப்போல ஒருத்தனைக் காணவில்லை என்று ஆழ்வாப்பிள்ளை புகழத் தொடங்கியதும் மீனாம்பிகைக்கு மறுபடியும் பொறாமை வந்தது. மற்றவர்களைவிட அவனிடம் இறுக்கமாக இருந்தாள். அவன் கேட்டு, அவள் பதில் சொல்லி, அதற்கு மேலும் அவன், கறண்ட் இருந்தால் எரியும் சோதனைப் பல்பைக் கம்பியில் வைத்து அது எரியாததைக் காட்டிய பிறகுதான் தொட விட்டாள்.

“மாமி, என்னிலை என்ன கோவம்?” என்று அவன் ஒருநாள் கேட்டான்.

“கோவம் கிடக்கட்டும். உனக்கு ஒண்டு நடந்தால் உன்ரை கொம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லவேணும்” என்றாள்.

பல வருசங்களுக்குப் பிறகு அரியாலையில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு வயறிங் செய்ய ஆழ்வாப்பிள்ளையைக் கேட்டார்கள். உதவிக்கு வந்து நின்றவர் றிச்சர்ட். தலை நரைத்திருந்தது. மீனாம்பிகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் விறுவிறென்று ஏணியில் ஏறிக் கம்பிக்குக் கையை நீட்டினார்.

“கையை எடுங்கோ” என்றாள் மீனாம்பிகை. “கேக்காமல் தொடக்கூடாது. ஆராயிருந்தாலும்.”

அவர் ஒரு படி இறங்கி, கழட்டியாச்சோ என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். சோதனைப் பல்பையும் வைத்துப் பார்த்துவிட்டு வேலை செய்தார். அவர் இறங்கி வந்து தண்ணீர் குடிக்கும்போது, “அண்டைக்கு உங்களை நான் அப்பிடிப் போகச் சொல்லியிருக்கக்கூடாது” என்றாள்.

“விடுங்கோ அக்கா. இப்ப ஆரெண்டாலும் உங்களை நம்பி ஏறலாம்” என்றார் அவர்.

பின்னேரம் இரண்டு ஆண்களும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு, சிரித்துக் கதைத்தபடி முன்னே போனார்கள். மீனாம்பிகை பத்தடி பின்னால் நடந்தாள். ஆழ்வாப்பிள்ளை அப்படிச் சிரித்து அவள் கேட்டுக் கனகாலம். வீட்டுக்கு வந்ததும், அடுத்த வேலைக்கும் றிச்சர்ட்டைக் கூப்பிடலாமா என்று அவர் மெல்லக் கேட்டார்.

“சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கோ,” என்றாள் அவள். “வேலைக்கு நான் இருக்கிறன்.”