ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒரு பாலே

என் வீட்டுக்காரர் முதல் தடவை விழுந்தது குளியலறை வாசலில். சத்தம் கேட்டு நான் ஓடியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு ஒடிந்துபோயிருந்தது. செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை. ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து அண்டாவைத் தனி ஆளாக இறக்கிவந்தவர், மாவுக்கட்டுப் பிரித்த பிறகு வீட்டுக்குள் நடக்கவே சுவரைத் தடவ ஆரம்பித்தார். கடையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டோம்.

விழுப்புரத்தில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, நடுக்குவாதம் என்றார். குணமாகாது, மெதுவாகக் கூடிக்கொண்டுதான் போகும், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள்தான் பாலே நடனம் பற்றிச் சொன்னாள். அவள் ஊரில் வயதானவர்கள் விழாமல் இருப்பதற்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலே பழகுகிறார்களாம். இந்த வியாதிக்காரர்களுக்கென்றே தனி வகுப்பாம். டிவியில் விறைப்பான பாவாடை கட்டிக் கட்டைவிரலில் நிற்கும் பெண்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதை இவரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் சிரிக்கவில்லை.

மறுநாளே மகளை வீடியோவில் கூப்பிட்டு, போனை மிக்சி ஜாரில் சாய்த்து வைத்தேன். இவர் கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் கதவைச் சாத்தச் சொன்னார். குதிகால்களை ஒட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முதுகு வளையாமல் முட்டியை மட்டும் மடக்க வேண்டும். மகள் அதற்குப் பெயர் பிளியே என்றாள்.

"புளியா?" என்றார்.

"இல்ல நைனா, பிளியே."

அதற்கப்புறமும் அவருக்கு அது புளிதான். புளி முடிந்ததும் ஒரு காலைத் தரையோடு தேய்த்து நீட்டி, திரும்ப இழுத்துக்கொள்வது. பிறகு குதிகாலைத் தூக்கி நிற்பது. நான் பின்னால் நின்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவரை அப்படிப் பிடித்து நின்றதில்லை.

சில மாதங்களில் உடம்பு கேட்க ஆரம்பித்தது. திரும்பும்போது தடுமாற்றம் குறைந்தது. ஒருநாள் கம்பியை விட்டுவிட்டு நின்று காட்டினார். மகள் அங்கே அழுதாள். ஜன்னலையும் அவரே திறந்துவிட்டார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றார்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு காலையில், நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, கடைத்தெருவுக்குத் தனியாகப் போயிருக்கிறார். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஜாரே நெரிந்தது. ஆனால் யாரும் அவர்மேல் இடிக்கவில்லை. எங்கள் பழைய கடையின் படி ஏற இவர் காலைத் தூக்க, அது எழும்பவில்லை. படியிலேயே விழுந்தவரை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். அது நன்றாகத்தான் முடிந்தது என்றார்கள். ஆனால் படுத்திருந்த வாரங்களில் வியாதி முந்திக்கொண்டது. பேச்சு குழறியது. கால்கள் விறைத்துக் கட்டை மாதிரி ஆயின. மகள் விடவில்லை. படுத்தபடியே பாதத்தை நீட்டி மடக்கலாம், நான் சொல்லித்தருகிறேன் என்றாள். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போனை எடுத்துட்டுப் போ," என்றார் என்னிடம். "அவ மூஞ்சியப் பாக்க முடியல."

நான் பாலே சொல்லித்தராமல் இருந்திருந்தால் நைனா வெளியே போயிருக்க மாட்டாரே என்று மகள் கேட்கிறாள். உன்னால் இல்லை என்று சொல்வேன். வேறு என்ன சொல்வது?

இப்போது அந்தப் பாலேவை நான் செய்கிறேன். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, உலை கொதிக்கிற நேரத்தில். அதில் நம்பிக்கை வைத்து இல்லை. நான் விழுந்தால் இவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு மத்தியானம் இவரைப் புரட்டும்போது என் முட்டி மடங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தேன். இவர் கையை நீட்டினார். என் தோள்வரை எட்டவில்லை.

"எழுந்துக்க முடியுதா?" என்றார்.

"முடியலைங்க."

"இரு. அவசரப்படாத."

இருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் தரையிலும் அவர் கட்டிலிலுமாக, சாயங்காலம் பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே இருந்தோம்.