மச்சான் மேலேயிருந்து கூப்பிட்டார்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன ஐப்பசியில், சிறுமலைக்குப் பின்பக்கம், எனக்கே நடந்தது இது.

என் அக்கா கனகாவின் வீட்டுக்காரர் சுப்புராஜ். மலை ஏறுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்தக்கல் முடிக்குத் தனியாகப் போனவர் திரும்பவில்லை. தேடப் போனவர்கள் இரண்டு நாள் பாதையோரமாகவே நடந்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "உசுரோட இருந்தா வந்திருப்பாருல்ல" என்றார் ஒருவர், அக்காவின் முகத்துக்கு நேராக. அந்த ஒரு வார்த்தைக்காகவே புதன்கிழமை நானும் நண்பன் யோகேஷும் கிளம்பினோம்.

மதியம் 2.10க்கு ஏற ஆரம்பித்தோம். 4.45க்கு முடியின் அடிக்கு வந்துவிட்டோம். அதற்கு மேல் பாதை கிடையாது. செங்குத்துப் பாறை. கையும் காலுமாகத் தொற்றித்தான் ஏற வேண்டும்.

அப்போதுதான் கேட்டது. வலப்பக்கப் புதருக்குப் பின்னால், பள்ளத்துக்குள்ளிருந்து.

டொக்... டொக்... டொக்...

கல்லோடு கல்லைத் தட்டும் சத்தம்.

"ஆட்டுக்காரங்கடா. காட்டுமாடு நின்னா இப்படித்தான் தட்டி வெரட்டுவாங்க. அந்தப் பக்கம் போயிறாத" என்றான் யோகேஷ். எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தேன்.

"மாப்ள..."

மேலேயிருந்து. மச்சானின் குரல்.

"மேல வாடா, மாப்ள."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வாரேன் மச்சான்!" என்று கத்திக்கொண்டே பாறையில் தொற்றினேன். "ஏலே, யாருகிட்டடா பேசுற?" என்று கீழேயிருந்து யோகேஷ் கேட்டான். கிறுக்குப் பயலுக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

குரல் வழி சொன்னது. "எடது கால வையி... அந்தக் கல்லு ஆடும், பிடிக்காத..." தொட்டுப் பார்த்தேன். ஆடியது. எவ்வளவு ஏறினாலும் குரல் அதே தூரத்தில்தான் இருந்தது. மூச்சு வாங்கவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. மூன்று நாள் பட்டினி கிடந்தவரின் குரல் இத்தனை தெளிவாக இருக்குமா? அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

மணி 5.40. உச்சி.

யாரும் இல்லை.

நாலு பேர் உட்காரும் அளவு மொட்டைப் பாறை. ஒளிய இடமே கிடையாது.

கீழே மட்டும் இன்னும்... டொக்... டொக்...

"மச்சான்?"

"இங்கதான்டா... இன்னும் ஒரு எட்டு."

குரல் எனக்கு நேர் முன்னாலிருந்து வந்தது.

முன்னால் தரை இல்லை. பாறை என் கால் விரலோடு முடிந்திருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கை, முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. 6.25க்கு, டார்ச் வெளிச்சத்தில் கீழே வந்தபோது அந்தத் தட்டல் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. யோகேஷின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. என்னைவிடப் பெரிய கோழை இந்த ஜில்லாவில் கிடையாது.

மறுநாள் காலை, ஆடு மேய்க்கும் சடையாண்டி என்பவர் மச்சானைக் கண்டுபிடித்தார். அந்த வலப்பக்கப் பள்ளத்தில். முந்தின நாள் அங்கே யாருமே ஆடு ஓட்டவில்லை என்றும் அவர்தான் சொன்னார்.

பிணவறை வாசலில் டாக்டர் எங்களிடம் பேசினார். "தாடை நொறுங்கியிருக்கு. விழுந்ததுல இருந்து அவரால ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. உயிர் போனது நேத்து ராத்திரி எட்டு, ஒம்பது மணிக்கு."

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்புட்டுப் பக்கத்துல போயிருக்கியேடா... ஒரு சத்தங்கூடவா கேக்கல?"

"கேக்கலக்கா" என்றேன்.