நான் திருப்பிக் கொடுத்த கார்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. இடம், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் மலை ரோடு. அரசாங்கம் தடை போட்டதால் வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோய், பழைய கார்களுக்கே பெரிய மவுசு வந்திருந்த காலம்.

எனக்கு பதுளை டவுனில் ஒரு சின்ன ஃபோன் கடை. பிறந்து வளர்ந்தது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். நாற்பது வயதில் மனுசனுக்கு என்னென்னவோ ஆசை வரும், எனக்கு வந்தது கார் ஆசை. அதுவும் சும்மா கார் இல்லை. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த டர்போ கார். மிதித்தால் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். "நாலு பேரு ஏறி இறங்க ஒரு வேன் வாங்குங்கன்னா, பந்தயத்துக்குப் போற காரு கேக்குது இவருக்கு" என்று என் மனைவி கேலி பண்ணினாள். நான் எங்கே காதில் போட்டுக்கொண்டேன்!

விளம்பரம் பார்த்து வெலிமடைக்குப் போனேன். விற்கிறவன் முப்பது வயதுத் தம்பி, யாருடைய கராஜிலோ வேலை செய்கிற மெக்கானிக். விபத்தில் நசுங்கிக் கிடந்த காரை வாங்கி, மூன்று வருடமாக ஒவ்வொரு சாமானாகத் தேடிப் போட்டு உயிர் கொடுத்திருந்தான். அதை விற்றுத்தான் சொந்தமாக ஒரு கராஜ் போட வேண்டும் என்றான். "மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லண்ணே. இஞ்சின் ஹெட்ட கழட்டி மாட்டினதும் நான்தான்" என்று பானட்டைத் திறந்து காட்டினான். அவ்வளவு சுத்தம். சோறு போட்டுச் சாப்பிடலாம்.

எங்கள் மலையகத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வியே எந்தத் தோட்டம் என்பதுதான். அவனும் கேட்டான். ஸ்பிரிங்வெளி என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. அவனுடைய அம்மா பிறந்ததும் அங்கேதானாம். அதோடு சரி, என் லைசன்ஸைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை, சாவியை எடுத்து நீட்டிவிட்டான். "நம்ம ஆளு நீங்க. நாளைக்கு முழுக்க வச்சு ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணுண்ணே, இஞ்சின் சூட்டைக் காட்டுற அந்த முள்ளு பாதிக்கு மேல ஏறினா அப்படியே நிப்பாட்டிட்டு எனக்கு ஃபோன் கோல் எடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

மறுநாள் நான் என்ன செய்திருக்க வேண்டும்? டவுன் ரோட்டில் நாலு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் நேரே ஸ்பிரிங்வெளிக்கு விட்டேன். லயத்துப் பயல் என்ன காரில் வருகிறான் என்று எல்லோரும் பார்க்க வேண்டாமா? மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், போதாததற்கு டவுனில் நின்ற மச்சானையும் ஏற்றிக்கொண்டேன். உச்சி வெயில். ஏ.சி. முழுசாக ஓடுகிறது. லயத்துக்கு முன்னால் காரை நிறுத்திவைத்துக்கொண்டு, சத்தம் கேட்கட்டும் என்று அக்ஸிலேட்டரை வேறு மிதித்து மிதித்துக் காட்டினேன். சித்தி வெளியே வந்து, "ஆத்தாடி, என்னா சத்தம்!" என்று காதைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கிருந்து இன்னும் மேலே ஏறும்போதுதான் முள்ளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பானட் ஓரமாக ஆவி வருகிறது.

"ஏங்க, அந்தத் தம்பிக்கு ஃபோனைப் போடுங்க" என்றாள் மனைவி.

"லொறிக்காரன் மகனுக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று எரிந்து விழுந்தேன். ரோட்டோரத்தில், மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் பீலி ஒன்று இருந்தது. ஏற்றத்தில் லொறி கொதித்தால் அப்பா அங்கேதான் நிறுத்துவார். துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நானும் அதையே செய்தேன். கை வைத்தால் விறைத்துப்போகிற தண்ணீர். ஊற்றும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் காலத்து லொறியின் இரும்பு இஞ்சின் தாங்கும், இந்த மாதிரிக் கார் இஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் செய்த பிழையை யாரும் மன்னிப்பார்கள். நான் அடுத்துச் செய்ததுதான் தெரிந்தே செய்தது.

வீட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டு வெலிமடைக்குப் புறப்பட்டேன். "நடந்ததைச் சொல்லிருங்க" என்று மனைவி இரண்டு தரம் சொன்னாள். இஞ்சின் நடுங்கிக்கொண்டே ஓடியது. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. வெலிமடைக்குக் கிட்டே வந்ததும் ஒரு சர்விஸ் ஸ்டேஷனில் விட்டுக் காரைப் பளபளவென்று கழுவினேன். தண்ணீர் சிந்திய தடயம் தெரியக் கூடாதே!

நடுக்கம் தெரியாமலிருக்க, வாசலில் இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அவனைக் கூப்பிட்டேன். அவன் ஓடி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கழுவியெல்லாம் கொண்டாந்திருக்கீங்களே!" என்று நெகிழ்ந்துபோனான். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "காரு நல்லாத்தான் இருக்கு தம்பி. வீட்டுல பிடிக்கலன்னுட்டா" என்று வந்தது. பழியை மனைவி மேல் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நாலு நாள் கழித்து அவனிடமிருந்து ஃபோன். மொனராகலையிலிருந்து வாங்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனபோது நடுரோட்டில் இஞ்சின் நின்றுவிட்டதாம். ரோட்டில் நாலு பேர் பார்க்க, அவனை ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டுப் போனார்களாம். "ஹெட்டுல வெடிப்புண்ணே. மாட்டும்போது போல்ட்ட நான்தான் ஒழுங்கா இறுக்கல போல. நல்ல வேளை நீங்க வாங்கல. நம்ம தோட்டத்து ஆளு தலையில கட்டியிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? மன்னிச்சிருங்கண்ணே."

அவன் மன்னிப்புக் கேட்கிறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல தம்பி, விடு" என்றேன். பெரிய மனுசன் மாதிரி மன்னித்துவிட்டேன்! ஃபோனை வைத்ததும் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போன வருடம் வெலிமடைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மரக்கறி ஏற்றுகிற இடத்தில் லீக்ஸ் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போனவன், என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு ஓடி வந்தான். அவன்தான். வேண்டாம் என்றாலும் கேட்காமல், பால் இல்லாத பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். கராஜ் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறதாம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லொறிக்காரர், "டேய் தம்பி, ஸ்டார்ட் ஆகுதில்ல, கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிட்டார். அவன் எழுந்திருக்கவே இல்லை. "வேணாண்ணே, என் கைய நம்பாதீங்க. வேற யாரையாச்சும் கூப்பிடுங்க" என்றான்.

இப்போது சொல்லாவிட்டால் நான் மனுசனே இல்லை என்று நினைத்து, "தம்பி, அந்தக் காரு..." என்று ஆரம்பித்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அதை விடுங்கண்ணே. அன்னைக்கு என்னைத் திட்டாத ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றான். பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் அப்புறம் எந்தக் காரும் வாங்கவில்லை. அவன் பேரும் போடாமல், என் பேரும் போடாமல்தான் இதைக்கூட எழுதுகிறேன், அவ்வளவு கோழை நான். அந்தத் தம்பியின் கையில் ஒரு பிழையும் இல்லை என்பதை முகம் தெரியாத உங்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டிய அவனிடம் இன்னும் சொல்லவில்லை.